தீவு இரவுக்கு நான் சட்டை கழற்றவில்லை

நான் கப்பலில் வேலை செய்தவன் என்று தெரிந்தால் ஊரில் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். "எத்தின தீவு பார்த்தீங்க?" கேட்பவர் இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனைச் சந்தையடியில் நின்றுகொண்டு கேட்பார். நாலு பக்கமும் கடல் உள்ள நாட்டில் பிறந்து, வாழ்நாள் முழுக்கக் கடற்காற்றில் துணி காயப்போட்டவர், தீவு என்றால் எங்கேயோ தூரத்தில் கிடக்கிற சாமான் என்று நினைத்துக்கொண்டு கேட்பார். எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். "ஒண்டிலதானே நிக்கிறம் காக்கா" என்று அண்ணன் முறை வைத்தே சொல்லிவிட்டு நடையைக் கட்டுவேன்.

பார்த்தது உண்மைதான். தொண்ணூறுகளின் நடுவில் இரண்டு வருடம் ஒரு பெரிய உல்லாசக் கப்பலில் இருந்தேன். மொம்பாசாவில் ஏறும் பயணிகளைச் சான்சிபார், சீசெல்ஸ், மொரீசியஸ், மாலைதீவு என்று சுற்றிக் காட்டிவிட்டு, மூன்று கிழமைக்குப் பிறகு மறுபடி மொம்பாசாவில் இறக்கிவிடும் கப்பல். என் வேலை நீச்சல் தடாகத்தடியில். காலையில் சாய்வுக் கதிரைகளை விரிக்க வேண்டும், கேட்பவர்களுக்குத் துவாய் கொடுக்க வேண்டும், நனைந்த துவாய்களைப் பொறுக்க வேண்டும். பார் பக்கம் போகமாட்டேன் என்று சேரும்போதே சொல்லியிருந்தேன், அதற்கு ஒத்துக்கொண்டார்கள். தீவு வந்தால் பயணிகள் கமராவும் தொப்பியுமாக இறங்கிப் போவார்கள். எங்களுக்கு முறை வைத்து இரண்டு மூன்று மணித்தியாலம் கிடைக்கும். அதில் நான் கண்ட தீவெல்லாம் துறைமுக வாசலில் இருக்கும் தொலைபேசிக் கடையும் அதற்கு முன்னால் நிற்கும் வரிசையும்தான்.

எங்கள் வீட்டில் அப்போது போன் இல்லை. பக்கத்துக் கடைக்கு எடுத்தால் உம்மாவைக் கூட்டிவருவார்கள். மூச்சு வாங்க வாங்க வந்து அவர் சொல்லும் முதல் வசனம் எப்போதும் வீட்டைப் பற்றியதாகவே இருக்கும். "மனே, செவரு யன்னலுக்கு மேல வந்திரிக்கி. இனிக் கூரதான்." அது நான் இருக்கும் வீடில்லை, தங்கச்சியின் வீடு. எங்கள் பக்கத்தில் பெண் கலியாணம் முடித்து மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து சேருவார். அவர் வருவதற்கு ஒரு வீடு வேண்டும், அதைக் கட்டிக் கொடுக்க வேண்டியது வாப்பாவும் காக்காமாரும். தங்கச்சிக்குப் பேசி முடித்து ஒரு வருடமாகியிருந்தது. கூரை ஏறினால்தான் கலியாணம். நான் கப்பலில் இருந்தால்தான் கூரை ஏறும். இதை உம்மா ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

கப்பலின் அடித்தட்டில், தண்ணீர் மட்டத்துக்கும் கீழே, ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு கட்டில் போட்ட ஓர் அறை எனக்குக் கிடைத்தது. மேல் கட்டிலில் இருந்தவன் சாப்பாட்டு மண்டபத்தில் தட்டுச் சுமக்கும் வேலைக்காரன். ஊர் எது என்று கேட்டேன். காரைதீவு என்றான். கல்முனையிலிருந்து சைக்கிள் மிதித்தால் சாய்ந்தமருதைத் தாண்டிக் கால் மணித்தியாலம். எங்கள் வயல் மாவடிப்பள்ளியில் என்பதால், வாப்பாவோடு வயலுக்குப் போகும்போதெல்லாம் அவன் ஊர்ச் சந்தியால்தான் திரும்புவோம். தமிழ் முஸ்லிம் கலவரத்துக்குப் பிறகு அந்தச் சந்தியில் எங்கள் முஸ்லிம் ஆட்கள் தமிழன் முகத்தைப் பார்ப்பதில்லை, தமிழன் முஸ்லிம் முகத்தைப் பார்ப்பதில்லை. இரண்டு பக்கமும் ஆட்களைப் பறிகொடுத்திருந்தது. உலகத்தில் இத்தனை கப்பல் இருக்க, இத்தனை கட்டில் இருக்க, என் தலைக்கு மேலே இவன் வந்து படுத்திருக்கிறான்.

பிறகு அவன்தான் சொன்னான்.

"மச்சான், ஆர் ஆருக்கு என்ன செஞ்ச எண்டு இஞ்ச கதைக்கத் தேவல்ல. கதைச்சா ரெண்டு பேரும் நித்திர கொள்ள ஏலா."

"ஓம்" என்றேன். இரண்டு வருடமும் அந்த ஒப்பந்தத்தை நாங்கள் மீறவில்லை. அவனுடைய அண்ணனைச் சந்தியில் பஸ்ஸை மறித்து இறக்கினார்கள் என்பதும், அண்ணன் பிறகு வீட்டுக்கு வரவில்லை என்பதும் எனக்கு எப்படியோ தெரியவந்தது. தாய்தான் இவனை எப்பாடு பட்டாவது நாட்டைவிட்டு வெளியே அனுப்பியிருந்தார். கப்பல் எனக்குத் தங்கச்சியின் வீட்டுக் கூரை. அவனுக்கு அது உயிர்.

இனித் தீவு இரவுக்கு வருகிறேன். ஒவ்வொரு சுற்றிலும் மொரீசியஸை விட்டுக் கிளம்பும் நாள், சூரியன் இறங்கும் நேரத்தில், மேல்தட்டில் பயணிகளுக்கு ஒரு விருந்து நடக்கும். தீவு இரவு என்பது அதற்கு வைத்த பெயர். அங்கே பழத்தட்டுகளோடு நடமாட வேலையாட்களில் பதினெட்டுப் பேரைத் தெரிவுசெய்வார்கள். நான் சேர்ந்து மூன்றாவது சுற்றில் என்னையும் தெரிவுசெய்தார்கள். போய்ப் பார்த்தால் ஒரு பெட்டி நிறையப் பச்சைப் பிளாஸ்டிக் நாரில் செய்த புல்லுப் பாவாடைகள். கழுத்துக்குத் துணிப்பூ மாலை. மேலுக்கு ஒன்றுமில்லை. நெஞ்சு மினுங்குவதற்குப் பூச ஒரு போத்தல் எண்ணெய்.

பதினெட்டுப் பேரிலும் ஒரு வெள்ளைத்தோல் இல்லை. இயந்திர அறையில் கிரேக்கத் தீவு ஒன்றில் பிறந்து வளர்ந்த ஒருவர் இருந்தார். அவரும் தீவான்தானே, அவரைக் கூப்பிடுங்கள் பார்ப்போம். கூப்பிடமாட்டார்கள். தீவான் என்றால் கறுத்திருக்க வேண்டும், பல்லைக் காட்ட வேண்டும், சட்டை போடக்கூடாது. இந்தச் சட்டத்தை எங்கே எழுதி வைத்திருந்தார்களோ தெரியாது.

பயணிகளின் கேளிக்கைகளைப் பார்க்கும் மனேஜரிடம் போய், இதை உடுக்கமாட்டேன் என்றேன். கப்பலில் எல்லாம் இங்கிலிஷ். என்னுடையது ஓட்டை இங்கிலிஷ். இங்கே எழுதும்போது ஓட்டைகளை அடைத்து எழுதுகிறேன்.

"உன் மதத்துக்கு ஆகாதா? அப்படியென்றால் சொல், பெயரை வெட்டிவிடுகிறேன்" என்றார் அவர். நல்ல மனதோடுதான் கேட்டார்.

ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். வாய் வரவில்லை. மார்க்கத்தில் ஆணுக்குத் தொப்புளிலிருந்து முழங்கால் வரைதான் கட்டாயம். வாப்பா வயலில் வெறும் மேலோடுதான் நின்றார், நானும் நின்றிருக்கிறேன். கோபம் என்னுடையது. அதற்கு அல்லாஹ்வைச் சாட்சிக்கு இழுக்க நான் தயாரில்லை. எனக்குப் பல குறைகள் உண்டு, ஆனால் என் வசதிக்காகப் பொய் சொன்னேன் என்று அதுவரை ஒருவரும் என்னைச் சொன்னதில்லை.

"மதம் இல்லை சேர். எனக்கு விருப்பமில்லை."

"விருப்பமில்லை என்ற பதில் கப்பலில் கிடையாது" என்றார். கப்பலின் ஒழுங்கு விதியை எனக்கு நினைவுபடுத்தினார். கட்டளையை மீறினால் எச்சரிக்கைக் கடிதம். இரண்டாவது கடிதம் வந்தால் அடுத்த துறைமுகத்தில் இறக்கி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்.

அறைக்கு வந்து கத்தினேன். மேல் கட்டிலில் காலைத் தொங்கப்போட்டிருந்தவன் பொறுமையாகக் கேட்டான். அவனையும்தான் தெரிவுசெய்திருந்தார்கள்.

"ஒரு மணித்தியாலக் கூத்து மச்சான். உடுத்திட்டுக் கழட்டி எறி."

"நீ உடுக்கப் போறியா?"

"நான் சட்ட கழட்டாத செக்பொயின்ட் நம்மட றோட்டுல இல்ல. இவனுகள் எண்ணெய் பூசி விர்றானுகள், துவக்கு நீட்டல்ல. எனக்கு இது லேசு."

எனக்கும் அந்த றோட்டைத் தெரியும். கொழும்புக்குப் போகும் பஸ்ஸிலிருந்து எத்தனை தரம் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு சட்டையைத் தூக்கியிருக்கிறேன். ஒருமுறை வாப்பாவும் பக்கத்தில் நின்றார். அவருடைய சட்டையைக் கழற்றச் சொன்னவனுக்கு என் வயதுதான் இருக்கும். வாப்பா பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, சட்டையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் வேறு பக்கம் பார்த்தேன். துவக்குக்கு முன்னால் கழற்றியதில் எனக்கு வெட்கமில்லை. கழற்றமாட்டேன் என்றால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

"இஞ்ச துவக்கு இல்லயே" என்றேன். "மறுகா என்னத்துக்கு நான் கழட்டணும்?"

அவன் காலை ஆட்டுவதை நிறுத்தினான்.

"உன்ட தங்கச்சிட ஊடு?"

சரியான இடத்தில் குத்தினால் எனக்குக் கோபம் இன்னும் கூடும். பெட்டியைத் திறந்தேன். பெருநாள் தொழுகைக்கென்று உம்மா வைத்துவிட்ட இடுப்பில் சுற்றிக் கட்டும் மருதமுனை நெசவுச் சாறனும் வெள்ளைச் சட்டையும் மடிப்புக் குலையாமல் கிடந்தன. விருந்துக்குப் போகாமல் விட்டால் குற்றம். போனேன், சொன்ன நேரத்துக்குப் போனேன். தீவு உடுப்பு உடுக்கச் சொன்னார்கள். நானும் தீவில் பிறந்தவன்தான், என் தீவில் நல்ல நாளில் உடுப்பதை உடுத்தேன். சட்டையின் கழுத்துப் பொத்தான்வரை பூட்டியிருந்தேன். பதினேழு புல்லுப் பாவாடைகளுக்கு நடுவே நான் மாப்பிள்ளைத் தோழன் மாதிரி நின்றேன்.

மனேஜர் தூரத்தில் நின்று முகம் சிவந்தார். அவர் என்னிடம் வருவதற்கு முன் வயதான பயணிப் பெண் ஒருவர் வந்துவிட்டார்.

"நீ எந்தத் தீவு?"

"இலங்கை."

"அது தீவா?"

"நான் வரும்வரை தீவாகத்தான் இருந்தது" என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். கணவரைக் கூப்பிட்டார், படம் எடுத்தார், சாறனின் கரையைத் தொட்டுப் பார்த்து நெசவைப் பற்றிக் கேட்டார். பின்னால் இன்னும் நாலு பேர் சேர்ந்தார்கள். உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்குத் தலைக்கனம்தான். அறைக்குத் திரும்பும்போது வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

எங்கே வென்றது. அடுத்த சுற்றில் சான்சிபாரில் கப்பல் நின்றபோது மனேஜர் கடைத்தெருவுக்குப் போய்ப் பதினெட்டுச் சாறன் வாங்கிவந்தார். என்னைக் கூப்பிட்டுத் தோளில் தட்டினார். இனிப் புல்லுப் பாவாடை இல்லையாம், எல்லோருக்கும் சாறன்தானாம், யோசனை என்னுடையதுதானாம். என்னையும் காரைதீவானையும் தவிர மற்றவர்களெல்லாம் பிலிப்பைன்ஸ் ஆட்களும் கரீபியன் ஆட்களும், சாறன் உடுத்திப் பழகாதவர்கள். அவர்களுக்கு நான் கட்டப் பழக்கிவிட வேண்டும், முன்வரிசையில் நானே நிற்க வேண்டும்.

"ஒன்று மட்டும்," என்றார். "சட்டை வேண்டாம். சட்டையோடு பார்த்தால் கந்தோரில் கணக்கெழுதப் போகிறவன் மாதிரி இருக்கிறது."

"மாட்டேன் சேர்."

அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. "நீயாகத்தானே அன்றைக்கு உடுத்தாய்?"

"அன்றைக்கு நான் உடுத்தது என்னுடைய உடுப்பு. இப்போது நீங்கள் தருவது வேஷம்."

கடிதம் வந்தது. வாசித்து விளங்கினேன் என்று கீழே கையெழுத்து வைக்கச் சொன்னார்கள். தமிழில் வைத்தேன். இங்கிலிஷில் வை என்றார்கள், என் பெயர் தமிழில்தான் இருக்கிறது என்றேன். அன்றைக்கே தடாகத்தடியிலிருந்து எடுத்துக் கப்பலின் வயிற்றுக்குள் இருந்த சலவை அறைக்கு மாற்றினார்கள். கடலும் இல்லை, வானமும் இல்லை, நீராவியும் விரிப்புகளும்தான். முழங்கை வரை வெந்தது. இருந்தாலும் சம்பளம் நிற்கவில்லை. இன்னொரு கடிதம் வராமல் பார்த்துக்கொண்டால் கூரை ஏறும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

சாறன் கட்டப் பழக்க ஆள் வேண்டுமே. மனேஜர் காரைதீவானைக் கூப்பிட்டார். அவன் சரி என்றுவிட்டான்.

அது எனக்கு நெஞ்சில் குத்தியது. "நம்மட சாறனக் கொண்டு ஷோக் காட்டப் போறியாடா?" என்று கேட்டேன். இன்னும் மோசமாகவும் சில சொன்னேன், அதில் எங்கள் ஒப்பந்தத்தை உரசிய ஒரு சொல்லும் இருந்தது. அவன் "பாப்பம்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். தீவு இரவு வரும்வரை நான் அவனோடு கதைக்கவில்லை.

நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. பார்த்த பலபேர் சலவை அறைக்கு ஓடிவந்து, சிரிப்பில் பாதியும் சொல்லில் பாதியுமாகச் சொன்னதை வைத்து எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் சாறனை இரண்டு விதமாகக் கட்டுவோம். நடந்து திரிவதற்கு, மடித்து இறுக்கிச் செருகி, விளிம்பை வெளியே இரண்டு சுருட்டுச் சுருட்டிவிடுவோம். அப்படிக் கட்டினால் வயலில் குனிந்து நாற்று நட்டாலும் அசையாது. இன்னொன்று கிணற்றடியில், குளித்துவிட்டு ஈரம் மாற்றும்போது கட்டுவது. சும்மா ஒப்புக்கு ஒரு மடிப்பு, ஒரு செருகல், அவ்வளவுதான். ஒரு கையால் பிடித்துக்கொண்டால் நிற்கும். பிடிக்காமல் பத்தடி நடந்தால் தரையில் கிடக்கும். காரைதீவான் பதினேழு பேருக்கும் பழக்கியது கிணற்றடிக் கட்டு.

பதினெட்டுப் பேருக்கும் இரண்டு கையிலும் கண்ணாடித் தட்டு, தட்டு நிறைய அன்னாசித் துண்டு. வாத்தியம் தொடங்கியதாம். மனேஜர் ஒலிவாங்கியைப் பிடித்து, இதோ எங்கள் தீவு மைந்தர்கள் என்றாராம். வரிசை நடந்ததாம். முதல் சாறன் வாசலைத் தாண்டவில்லை. இரண்டாமவன் தன்னுடையதைக் காலால் பிடிக்கப் பார்த்து முன்னவன் முதுகில் மோதினான். கை இரண்டிலும் கண்ணாடி, எதைக் கீழே போடுவது? ஒவ்வொன்றாக இறங்கியது. உள்ளே எல்லோருக்கும் கப்பல் கொடுத்த வெள்ளைக் கட்டைக் களிசான் என்கிற அரைக் காற்சட்டை இருந்ததால் மானம் தப்பியது. பயணிகள் கதிரையில் இருந்து சரிந்து சிரித்தார்களாம். கடைசியாக நடந்தவன் காரைதீவான். அவனுடைய சாறனும் அவிழ்ந்து விழுந்தது. அவன் தட்டை நேராகப் பிடித்துக்கொண்டு, குனியாமல், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் நின்றானாம்.

சற்று நேரத்தில் பதினெட்டுச் சாறனும் அன்னாசிச் சாறோடு சலவை அறைக்கு வந்து குவிந்தன. நான் அந்தக் குவியலில் சாய்ந்து வயிறு நோகச் சிரித்தேன். பிறகுதான் அவனிடம் பேசிய பேச்சு நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை என்னை ஒழுங்கு விசாரிக்கும் அதிகாரியின் அறைக்குக் கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி, பக்கத்தில் மனேஜர். இந்தப் பக்கம் காரைதீவான், மேசையில் ஒரு சாறன். அவன் பெயரில் ஏற்கெனவே ஒரு கடிதம் இருந்தது, தட்டு உடைத்ததற்கு. வேண்டுமென்றே செய்தான் என்று தீர்ந்தால் இது இரண்டாவது. கப்பல் போய் நிற்கும் அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடுவார்கள். விமானத்தில் ஏற்றுவார்கள். கொழும்பிலிருந்து காரைதீவு வரை உள்ள ஒவ்வொரு செக்பொயின்டிலும், அண்ணனைப் பறிகொடுத்த வீட்டின் அடுத்த பொடியன் இறங்கி நிற்க வேண்டும்.

"எங்கள் ஊரில் இப்படித்தான் கட்டுவது என்று இவன் சொல்கிறான்" என்றார் அதிகாரி. "நீயும் அந்தப் பக்கம்தானே? இது உண்மையா?"

காரைதீவான் என் முகத்தைப் பார்க்கவில்லை. வாசலில் வைத்தும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. என்னைப் பற்றி அவனுக்குத் தெரியும். ஒரு சொல் பொய் சொல்லி எண்ணெய்ப் போத்தலிலிருந்து தப்பியிருக்கலாம், அதையே சொல்லாத ஆள் நான். பொய் பிடிபட்டால் எனக்கும் இரண்டாவது கடிதம். யன்னலுக்கு மேல் வந்த சுவர் அப்படியே வெயிலிலும் மழையிலும் நிற்கும்.

"ஆமாம் சேர்" என்றேன். "இப்படித்தான்."

மனேஜர் சும்மா இருக்கவில்லை. "உன்னுடையது அன்றைக்கு அவிழவில்லையே?"

"என் கட்டு வேறு சேர். நான் கல்முனை. இவன் காரைதீவு."

"இரண்டுக்கும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டார் அதிகாரி.

"நிறையத் தூரம் சேர்" என்றேன், கண்ணை இமைக்காமல்.

அதிகாரி என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், சாறனைக் கையில் எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். அதில் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கோப்பை மூடினார். கடிதம் இல்லை. ஆனால் சாப்பாட்டு மண்டபத்தில் இவன் முகத்தை இனிக் காண விருப்பமில்லை என்று மனேஜர் சொல்ல, அவனையும் சலவை அறைக்குத் தள்ளினார்கள். அடுத்த சுற்றில் புல்லுப் பாவாடைப் பெட்டி திரும்பி வந்தது. எங்கள் இருவரையும் ஒருவரும் கூப்பிடவில்லை. தங்கச்சியின் வீட்டுக்குக் கூரை ஏறிய செய்தியை மாலைதீவில் தொலைபேசி வரிசையில் நின்று கேட்டேன்.

அன்றைக்கு அந்த அறையிலிருந்து வெளியே வந்து இரும்புப் படியில் இறங்கும்போது அவன்தான் முதலில் வாய் திறந்தான்.

"நீ பொய் சொல்ல மாட்டாய் எண்டு நினைச்சன் மச்சான்."

"எனக்கெண்டாப் பொய் செல்ல மாட்டன்" என்றேன்.

தொழுகைக்குப் பிறகு கையேந்தி, செய்த பிழைகளுக்கெல்லாம் அல்லாஹ்விடம் மன்னிப்பாகத் தவ்பா கேட்கிறவன்தான் நான். நிறையக் கேட்டிருக்கிறேன், கேட்க இன்னும் நிறைய இருக்கிறது. அந்தப் பொய்யை மட்டும் இன்றுவரை அதில் சேர்க்கவில்லை. சேர்க்கப் போவதுமில்லை.